டியூப்போடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

பெறுநர்:
செயலாளர்,
மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை,
தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகுத்தண்டுவடம் அடிபட்டவர்களைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் பேச்சு நேராக நடைக்குப் போய்விடுகிறது. எழுந்து நிற்பானா, நடப்பானா, எந்த ஊரில் எந்த வைத்தியர் நல்லவர் என்றுதான் கேட்கிறார்கள். அடிபட்டவர்களைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள். கழுத்தில் அடிபட்டவர் முதலில் கை வேண்டும் என்பார். மார்புக்குக் கீழே அடிபட்டவர்களில் பலர், காலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இந்தச் சிறுநீர்த் தொல்லைக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்பார்கள். இந்த மடல் அந்தத் தொல்லையைப் பற்றியது. முகம் சுளிக்காமல் கடைசி வரை படிக்க வேண்டுகிறேன்.

நான் வீடுகளுக்கு வயரிங் வேலை செய்துகொண்டிருந்தவன். ஏணி சரிந்து விழுந்ததில் மார்புப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டது. இப்போது சக்கர நாற்காலியில் இருந்தபடி, தென்மாவட்டங்களில் புதிதாக அடிபட்டு வீடு திரும்பியவர்களைப் போய்ப் பார்த்து, படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரண்டு படுப்பது, மலம் கழிக்க எப்படிப் பழகுவது, டியூப்பை எப்படிக் கையாள்வது என்று சொல்லிக்கொடுக்கிறேன். பனையிலிருந்து விழுந்தவர், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுந்தவர், சாரம் சரிந்து விழுந்த கொத்தனார், இரு சக்கர வாகனத்தில் போய் லாரியில் மோதிய கல்லூரி மாணவர் என்று பலதரப்பட்டவர்கள். வீட்டுக்கு வரும்போது எல்லோரிடமும் இருப்பது ஒன்றே: சிறுநீர்ப்பைக்குள் நிரந்தரமாகத் தங்கும் ஒரு ஃபோலி டியூப், ஒரு யூரின் பை, டிஸ்சார்ஜ் சீட்டில் ‘மாதம் ஒருமுறை டியூப் மாற்றவும்’ என்று ஒரு வரி.

அந்த ஒரு வரியை மாற்றத்தான் எழுதுகிறேன். அடிபட்ட முதல் மூன்று மாதங்களுக்குள் ஒவ்வொருவருக்கும் சிறுநீர்ப்பைக்கென்று ஒரு சிகிச்சைத் திட்டம் கையில் தரப்பட வேண்டும். அந்தத் திட்டத்தில், இன்று உலகம் முழுவதும் ஆராயப்பட்டு வரும் நரம்பு மின்தூண்டலுக்கும் உரிய இடம், உரிய அளவில், உரிய சோதனையோடு தரப்பட வேண்டும்.

மூன்று மாதம் என்று ஏன் சொல்கிறேன்? அடிபட்டவுடன் தண்டுவடம் அதிர்ச்சியில் உறைந்துபோகிறது. ஸ்பைனல் ஷாக் என்று மருத்துவர்கள் சொல்லும் அந்தக் காலத்தில் சிறுநீர்ப்பை சுருங்காமல் தளர்ந்து கிடக்கும். நிரம்பினாலும் தெரியாது. சிலருக்கு இது சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள். அதன்பிறகு, அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் தானாக இயங்கத் தொடங்குகிறது, ஆனால் மூளையின் மேற்பார்வை இல்லாமல். அதுவரை பெரிதாக வேலை செய்யாத மெல்லிய நரம்பு இழைகள் விழித்துக்கொள்கின்றன. கொஞ்சம் சிறுநீர் சேர்ந்தாலே பை வெடுக்கென்று சுருங்குகிறது. நல்ல நிலையில் இருக்கும் உடலில், பை சுருங்கும்போது வாயிலில் உள்ள சுருக்குத்தசை தளர வேண்டும் என்று மூளைத்தண்டில் உள்ள ஒரு மையம் ஆணையிடும். அந்த ஆணை வரும் பாதை அறுந்துவிட்டதால், பை சுருங்கும் அதே நொடியில் வாயிலும் இறுகுகிறது. சிறுநீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் மேலே சிறுநீரகங்களை நோக்கி ஏறுகிறது. இதில் வலி கிடையாது. அதுதான் இதன் கொடுமை.

எவ்வளவு அழுத்தம் ஆபத்து என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1981இல் அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் எட்வர்ட் மெக்குவயரும் அவருடைய குழுவினரும், பிறவியிலேயே தண்டுவடக் குறைபாடுள்ள குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, பைக்குள் அழுத்தம் 40 சென்டிமீட்டர் உயர நீர் தரும் அளவைத் தாண்டிய பிறகே சிறுநீர் கசிகிறது என்றால் சிறுநீரகங்கள் கெடும் வாய்ப்பு அதிகம் என்று காட்டினார்கள். உலகம் முழுவதும் மருத்துவர்கள் இன்றும் அந்த 40ஐ மனத்தில் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். முன்பெல்லாம் தண்டுவடம் அடிபட்டவர்களைக் கொன்றவற்றில் சிறுநீரகச் செயலிழப்பு முன்னணியில் இருந்தது. வளர்ந்த நாடுகளில் அந்த நிலையை மாற்றியது பெரிய அறுவை சிகிச்சை எதுவும் அல்ல. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944 முதல் மருத்துவர் லுட்விக் குட்மான் செய்து காட்டிய ஒழுங்கான சிறுநீர்ப் பராமரிப்பும், சுத்தமாகக் கை கழுவிவிட்டு நோயாளி தானே டியூப் செருகிச் சிறுநீரை எடுத்துவிடலாம், கிருமி நீக்கிய அறை தேவையில்லை என்று 1972இல் அமெரிக்காவின் மிச்சிகனில் மருத்துவர் ஜாக் லாபிடஸ் எழுதியதும்தான்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்த விஷயம் இது. ஆனாலும் நான் போகும் வீடுகளில், நாளுக்கு நான்கைந்து முறை தானே டியூப் போட்டு எடுக்கும் முறையைப் பற்றி ஒருவர்கூடச் சொல்லவில்லை என்று சொல்லும் குடும்பங்களே அதிகம். நிரந்தரமாக ஃபோலி டியூப் வைத்திருந்தால் கல், கிருமித் தொற்று, சிறுநீர்க் குழாயில் புண், சுருங்கிப்போன பை என்று வரிசையாக வரும். கை வேலை செய்யாதவர்களுக்கும் உதவ யாரும் இல்லாதவர்களுக்கும் நிரந்தர டியூப் தேவைப்படலாம், அதை மறுக்கவில்லை. இரண்டு கையும் நன்றாக வேலை செய்யும் இருபத்திரண்டு வயதுப் பையனுக்கும் அதே டியூப் என்பதைத்தான் கேட்கிறேன்.

இனி மின்தூண்டலுக்கு வருகிறேன். மின்சாரத்தோடு பிழைத்தவன் என்பதால் இதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு, மறைக்கவில்லை.

இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைப்பவர் லண்டனைச் சேர்ந்த உடலியல் அறிஞர் கைல்ஸ் பிரின்ட்லி. சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பு வேர்கள், தண்டுவடத்தின் அடிநுனியில், திரிகம் எனப்படும் பகுதியிலிருந்து வருகின்றன. இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிட்ட வேர்கள். அவற்றின் முன்வேர்களில் மின்முனைகளைப் பொருத்தி, தோலுக்கடியில் ஒரு சிறிய ஏற்பியை வைத்து, வெளியே இருந்து ஒரு கருவியால் ரேடியோ அலை மூலம் தூண்டுவது அவர் வகுத்த முறை. உள்ளே பேட்டரி கிடையாது. 1978இல் மனிதருக்கு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. இங்கே ஒரு சிக்கல் வந்தது. அதே வேர்களில்தான் வாயில் தசைக்குப் போகும் நரம்பும் இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் பையும் சுருங்கும், வாயிலும் மூடும். பிரின்ட்லி கண்ட வழி எளிமையானது, அழகானது. வாயில் தசை சட்டென்று இறுகி, தூண்டல் நின்றதும் சட்டென்று தளர்ந்துவிடும். பையின் தசையோ மெதுவாகச் சுருங்கி மெதுவாகத்தான் தளரும். ஆகவே சில நொடி மின்சாரம், சில நொடி இடைவெளி என்று மாறி மாறிக் கொடுத்தால், இடைவெளியில் வாயில் திறந்திருக்க, பை இன்னும் அழுத்திக்கொண்டிருக்கும்; சிறுநீர் விட்டுவிட்டுப் பீறிட்டு வெளியேறும். இரண்டு தசைகளின் வேக வித்தியாசத்தைத் தவிர வேறொன்றையும் நம்பாத ஏற்பாடு. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தக் கருவிக்கு 1998இல் அனுமதி கொடுத்தது. பொத்தானை அழுத்திச் சிறுநீர் கழிப்பவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்று நான் சொன்னால் எங்கள் ஊரில் பலர் நம்புவதில்லை.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, பணத்தில் மட்டுமல்ல. பை தானாகச் சுருங்குவதைத் தடுக்க, அதே அறுவை சிகிச்சையில், உணர்வைக் கொண்டுசெல்லும் பின்வேர்களை வெட்டிவிடுவது வழக்கம். வெட்டினால் கசிவு நிற்கிறது, பை பெரிதாகிறது, சிறுநீரகம் தப்பிக்கிறது. கூடவே, மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச உணர்வும், ஆண்களுக்கு அனிச்சையாக வரும் விறைப்பும் போய்விடுகின்றன. புதிதாகத் திருமணமான ஓர் இளைஞரிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே ஊருக்கு ஊர் இந்தக் கருவி வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு நான் அறியாதவன் இல்லை. மாநிலத்தில் ஒரே ஒரு உயர்நிலை மையத்தில் இதற்கான திறமை வளர்ந்தால் போதும். நாடாவெட்டி, படம் பிடித்து, ஒருவருக்குப் பொருத்திவிட்டு மறந்துபோகும் காட்சிப் பொருளாக மட்டும் அது வந்துவிடக் கூடாது.

சான் பிரான்சிஸ்கோவில் டனாகோ, ஷ்மிட் ஆகிய மருத்துவர்கள் வளர்த்தெடுத்த வேறொரு முறை உண்டு. திரிக எலும்பின் துளை வழியே ஒரு மெல்லிய மின்முனையைச் செலுத்தி, இடுப்புத் தோலுக்கடியில் பேட்டரி வைத்து, நரம்பை மெல்லத் தூண்டிப் பையை அமைதிப்படுத்துவது. அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்றது. ஆனால் அந்த அனுமதி தண்டுவடம் அடிபட்டவர்களை மனத்தில் வைத்துத் தரப்பட்டது அல்ல. அடக்க முடியாமல் அவசரமாகச் சிறுநீர் கசியும் மற்றவர்களுக்காகத் தரப்பட்டது. தண்டுவடம் முழுவதும் அறுந்தவர்களில், பை முரண்டு பிடிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகு இதைப் பொருத்திப் பெரிய பலனை எதிர்பார்க்க முடியாது. அப்படியானால் பை முரண்டு பிடிப்பதற்கு முன்பே, அந்த உறைந்த காலத்திலேயே தொடங்கினால் என்ன? ஜெர்மானிய மருத்துவர் கார்ல்-டீட்ரிஷ் சீவெர்ட்டின் குழு இதைத்தான் கேட்டது. பத்துப் பேருக்கு ஆரம்பத்திலேயே இருபுறமும் பொருத்தி, பை அடங்காமல் துள்ளும் நிலையே அவர்களுக்கு வரவில்லை என்று 2010இல் வெளியிட்டார்கள். பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அந்தக் கேள்வி பெரியது. முதல் மூன்று மாதங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பல லட்சம் ரூபாய்ப் பேட்டரி நமக்குத் தேவையில்லை என்று சொல்லவைப்பது மூன்றாவது முறை. கணுக்காலின் உட்புறத்தில், எலும்புக்குப் பின்னால் ஓடும் டிபியல் நரம்பு, சிறுநீர்ப்பையின் நரம்புகள் புறப்படும் அதே திரிக வேர்களிலிருந்தும் இழைகளைப் பெறுகிறது. காலில் தூண்டினால் பையின் வேகம் தணியும். 1983இல் இதை எழுதியவர்களில் முதன்மையானவர், மேலே சொன்ன அதே மெக்குவயர். சீன அக்குபஞ்சர் புள்ளிகளிலிருந்து அந்த யோசனை அவருக்குக் கிடைத்தது. பிறகு கணுக்காலுக்கு மூன்று விரற்கடை மேலே மெல்லிய ஊசி செருகி, வாரம் ஒருமுறை 30 நிமிடம், 12 வாரம் என்ற முறை வழக்கத்துக்கு வந்தது. இப்போது ஊசியும் வேண்டாம், தோலில் ஒட்டும் இரண்டு பட்டைகள் போதும் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில், புதிதாகத் தண்டுவடம் அடிபட்டவர்களிடம் நடந்த ஒரு சிறிய முதற்கட்டச் சோதனை 2019இல் வெளியானது. பாதுகாப்பாகச் செய்ய முடிகிறது, பையின் கொள்ளளவு குறையாமல் காக்க உதவலாம் என்பது அதன் சாரம். சுவிட்சர்லாந்தில் நாடு தழுவிய அளவில், ஒரு பாதிப் பேருக்குப் பொய்த்தூண்டல், அதாவது தூண்டுவது போன்ற பாவனை மட்டும் கொடுத்து ஒப்பிடும் கடுமையான சோதனையை வகுத்தார்கள்.

இந்தத் தூண்டலுக்கு வேண்டிய கருவி எங்கே இருக்கிறது தெரியுமா? உங்கள் அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபி அறைகளில். மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் பயன்படும் அதே டென்ஸ் மெஷின். விலை சில ஆயிரம் ரூபாய். தூண்டலின் வேகம், துடிப்பின் அகலம் இரண்டையும் மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் போதும். ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் நொடிக்கு 20 துடிப்புகளையும், ஒவ்வொரு துடிப்புக்கும் 200 மைக்ரோநொடியையும் வைத்திருக்கிறார்கள்.

எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். ஒரு பட்டையைக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள், இன்னொன்றைச் சுமார் பத்து சென்டிமீட்டர் மேலே. வழக்கமாக நோயாளியிடம் ‘சுருக்கென்று இருக்கிறதா’ என்று கேட்டுத்தான் மின்னோட்டத்தைக் கூட்டுவார்கள். எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை, காலில் உணர்வே கிடையாது. ஆகவே எல்லோரும் பெருவிரலைத்தான் பார்க்கிறார்கள். மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பெருவிரல் உள்நோக்கி மடங்கித் துடிக்கும். அங்கே நிறுத்தி, துடிப்பு அடங்கும் வரை கொஞ்சம் குறைத்து, அந்த அளவில் அரை மணி நேரம் விடுகிறார்கள். பெருவிரல் எவ்வளவு கூட்டியும் அசையவே இல்லையென்றால், தண்டுவடத்துக்கும் காலுக்கும் இடையே உள்ள நரம்புப் பாதையே அறுந்திருக்கலாம். முதுகெலும்பின் அடிப்பகுதியில் அடிபட்டு நரம்பு வேர்க்கொத்து நசுங்கியவர்களுக்கு இப்படித்தான் இருக்கும். அவர்களுக்கு இந்தச் சிகிச்சையால் பலனில்லை. அன்றே அவர்களிடம் அதைச் சொல்லிவிடலாம். உணர்வில்லாத தோலில் பட்டை ஓரம் கிளம்பியிருந்தால் சூடுபட்டுக் கொப்புளம் வந்தாலும் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் பட்டையை எடுத்த பிறகு தோலைக் கண்ணால் பார்க்க வேண்டும். இவ்வளவு சின்ன விஷயங்கள்தான், ஆனால் எழுதிவைத்த வழிகாட்டி இல்லாவிட்டால் ஒருவரும் செய்யமாட்டார்கள்.

இதய பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதை வைக்கக் கூடாது. மார்புப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாம் கண்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, பை நிரம்பினாலும் டியூப் அடைத்தாலும், சிலசமயம் இப்படிப்பட்ட தூண்டலாலும், இரத்த அழுத்தம் திடீரென்று எகிறி, தலை வெடிப்பது போல வலித்து, முகம் வியர்த்துக்கொட்டும். மூளையில் இரத்தக்கசிவு வரை போகக்கூடிய ஆபத்து அது. இரத்த அழுத்தக் கருவியைக் கையில் கட்டாமல் அவர்களுக்குத் தூண்டலைத் தொடங்கக் கூடாது.

தவறான நம்பிக்கையும் வேண்டாம். கணுக்கால் தூண்டல் ஒருவரையும் தானாகச் சிறுநீர் கழிக்கவைக்காது. அது பையைக் கொஞ்சம் அமைதிப்படுத்தும், அவ்வளவுதான். டியூப் செருகிச் சிறுநீரை எடுக்கும் வேலை அப்படியே இருக்கும். இடையில் கசியாமல் இருக்கலாம், அழுத்தம் குறையலாம், பையை அடக்கத் தரும் ஆக்ஸிபியூட்டினின் மாத்திரையின் அளவைக் குறைக்க முடியலாம். வாய் வறண்டு, மலச்சிக்கலாகி, அந்த மாத்திரையைத் தூக்கிப் போடுபவர்களைப் பார்த்தவன் என்ற முறையில், அந்த ‘லாம்’களுக்கே மதிப்புண்டு என்கிறேன். பையின் தசையில் பொட்டாக்ஸ் ஊசி போடும் வழியும் இருக்கிறது. ஆறேழு மாதத்துக்கொருமுறை திரும்பப் போட வேண்டும், விலையும் அதிகம்.

இந்த இடத்தில்தான் என் தொழில் எனக்கு உதவுகிறது. டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்த வயரையும் நாங்கள் தொடமாட்டோம். சிறுநீர்ப்பைக்கு அந்த டெஸ்டர், யூரோடைனமிக் சோதனை. ஒரு மெல்லிய குழாயைப் பைக்குள்ளும் இன்னொன்றை மலக்குடலுக்குள்ளும் வைத்து, உப்புநீரை மெதுவாக ஏற்றி, எத்தனை மில்லி ஏறும்போது அழுத்தம் எவ்வளவு என்று கணினித் திரையில் கோடாகப் பார்ப்பது. அந்தக் கோடு 40ஐத் தாண்டுகிறதா இல்லையா என்பது தெரியாமல் ஒருவருக்கு மாத்திரை, ஊசி, மின்தூண்டல் எதைக் கொடுத்தாலும் அது குருட்டு வைத்தியம். இந்தச் சோதனை முதல் மூன்று மாதங்களில் ஒருமுறை, பிறகு குறைந்தது ஆண்டுக்கொருமுறை, தண்டுவடம் அடிபட்ட ஒவ்வொருவருக்கும் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். அதற்காக நெல்லையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் சென்னைக்கு ஆம்புலன்ஸ் பிடித்து வரவைக்கக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மண்டலத்துக்கு ஒன்றிலாவது இந்தக் கருவியும், அதை இயக்கத் தெரிந்தவரும் வேண்டும். கருவியை வாங்கிவிட்டு, ஆள் இல்லாமல் துணி போட்டு மூடி வைப்பதை நிறையப் பார்த்தாயிற்று.

டியூப் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஐந்து முறை என்றால் மாதத்துக்கு 150 டியூப். ஒன்று இருபது ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 3,000 ரூபாய். அரசு தரும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். விளைவு என்ன? ஒரே டியூப்பை வாரக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். நான் போன ஒரு வீட்டில் அம்மா, பழைய அலுமினியச் சட்டியில் டியூப்பைப் போட்டுக் கொதிக்கவைத்து, இடுக்கியால் எடுத்து, வெள்ளைத் துணி விரித்து நிழலில் உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். பல மருத்துவமனை வார்டுகளைவிடச் சுத்தமான வேலை. ஆனாலும் அந்த டியூப்பின் நுனி வளைந்து சொரசொரப்பாகியிருந்தது. மகனுக்கு இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்தத் தாயிடம் நான் என்ன சொல்ல முடியும்?

பெண்களின் நிலை இன்னும் மோசம். ஆண்களுக்காவது ஆணுறை போன்ற வெளி உறை வைத்துப் பையில் சேகரிக்கும் வழி இருக்கிறது. பெண்களுக்கு அது இல்லை. டயாப்பர்தான், இல்லாவிட்டால் பழைய சேலைத் துணி. கண்ணாடி வைத்துப் பார்த்துத் தானே டியூப் போடக் கற்றுக்கொடுக்கப் பெண் செவிலியர் வேண்டும், தனியறை வேண்டும். அது கிடைக்காததால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். கல்யாண வீட்டுக்குப் போவதற்கு முதல் நாளிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, தொற்றும் காய்ச்சலுமாக மருத்துவமனைக்குப் போன பெண்ணை எனக்குத் தெரியும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தால், சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாமல் சிகிச்சை கிடைக்கிறது. எங்களில் சிலர் உயிரோடு இருப்பதற்குக் காரணங்களில் அதுவும் ஒன்று. ஆனால் தண்டுவடம் அடிபட்டவருக்கு 49ஆம் மணி நேரத்திலிருந்துதான் வாழ்க்கை தொடங்குகிறது. பனையிலிருந்தும் சாரத்திலிருந்தும் விழுந்தவர்கள் அந்தத் திட்டத்தில் வருவதும் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடி வருகிறது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தருகிறது, பிசியோதெரபிஸ்டும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வருகிறார்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் பைகள்கூட வீட்டுக்கு வருகின்றன. நல்ல வேலை, மனமாரச் சொல்கிறேன். சிறுநீரகம் போனபின் பை தர முடிகிற அரசால், சிறுநீரகம் போகாமல் காக்கும் டியூப்பையும் தர முடியும் அல்லவா? 1994இல் அமைத்த மருத்துவப் பணிகள் கழகம் மொத்தக் கொள்முதலில் நாட்டுக்கே வழிகாட்டியது. லட்சக்கணக்கில் வாங்கினால் விலை எங்கே வந்து நிற்கும் என்பது என்னைவிடத் தங்களுக்குத் தெரியும்.

அறிவு இல்லை என்ற சாக்கும் நமக்குக் கிடையாது. 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறக்கக் காரணமாக இருந்தார். 1981இல் ஆய்க்குடியில், தானே கழுத்தளவில் அடிபட்ட ராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சென்னை கே.கே. நகரில் அரசுக்கே ஒரு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இவர்களை உட்காரவைத்து ஒரு வழிகாட்டியை எழுதச் சொன்னால் சில வாரங்களில் எழுதித் தருவார்கள்.

ஒரு நடைமுறைத் தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். உதவித்தொகையும் சக்கர நாற்காலியும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில். சிறுநீரகமும் டியூப்பும் தங்கள் துறையில். உலக வங்கி உதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தின் ‘விழுதுகள்’ மறுவாழ்வுச் சேவை மையங்கள் அந்தத் துறையில், யூரோடைனமிக் கருவி இந்தத் துறையில். எங்கள் சிறுநீர்ப்பை எந்தத் துறையைச் சேர்ந்தது என்று தெரியாமல் கோப்பு அலைகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளிலும் தண்டுவடம் அடிபட்டவர் என்று தனியாக ஒரு வரி கிடையாது. இயக்கக் குறைபாட்டில் எங்களைச் சேர்த்துவிடுகிறார்கள். கால் அசையாதது மட்டும்தான் எங்கள் குறை என்பது போல. இரண்டு துறைச் செயலாளர்களும் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

கணுக்கால் தூண்டலை நாளையே எல்லா ஆஸ்பத்திரியிலும் தொடங்குங்கள் என்று கேட்கவில்லை. தமிழ்நாட்டிலேயே ஒழுங்கான ஆய்வாகத் தொடங்குங்கள் என்கிறேன். நான்கைந்து மருத்துவக் கல்லூரிகள், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்பதிவு, தொடக்கத்திலும் முடிவிலும் யூரோடைனமிக் சோதனை, பாதிப் பேருக்குப் பொய்த்தூண்டல். நாட்டிலேயே சாலை விபத்துகள் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் ஒன்று நாம்; இந்த ஆய்வுக்கு ஆள் கிடைக்காது என்ற கவலை, வருத்தத்தோடு சொல்கிறேன், நமக்கு இருக்காது. பலன் இல்லை என்று தெரியவந்தால் அதையும் வெளியிடுங்கள். அப்போதுதான் ‘கரண்ட் வைத்தியத்தில் டியூப்பைக் கழற்றுகிறோம்’ என்று விளம்பரம் செய்து நகையை அடகு வைக்கவைப்பவர்களின் வாயை அடைக்க முடியும். அப்படி ஒரு தனியார் இடத்தில் ஒரு குடும்பம் பணத்தைக் கொட்டி, இடுப்பில் பட்டை ஒட்டி மின்சாரம் ஏற்றிக்கொண்டு வந்தது. ஏற்றியவர்கள் ஒருமுறைகூட அந்த இளைஞரின் பைக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்திருக்கவில்லை. ஸ்கேன் எடுத்தபோது இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருந்தன.

இவற்றில் ஆய்வுக்குக் காலமாகும், கருவிக்கு டெண்டர் வேண்டும், மையத்துக்கு நிதி வேண்டும். ஒன்றுக்கு மட்டும் அவை எதுவும் வேண்டாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ செவிலியர் கொண்டுவரும் பெட்டகத்தில், தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு செருகிச் சிறுநீரை எடுத்ததும் கழற்றிவிடும் நெலட்டான் டியூப்புகள் மாதம் 150உம், வழுவழுப்புக்கான ஜெல்லும், பெண்களுக்குக் கைக்கண்ணாடியும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். 12, 14 என்ற இரண்டு அளவுகள் இருந்தால் பெரும்பாலான பெரியவர்களுக்குப் போதும். குழந்தைகளுக்கு 8, 10. எப்படிச் செருகுவது என்று செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களைப் போன்றவர்கள் எந்த மாவட்டத்துக்குக் கூப்பிட்டாலும் வருகிறோம். கூப்பிடும் கட்டடத்தில் சாய்தளமும், சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு கழிப்பறையும் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான சக ஆலோசகர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.

நகல்: செயலாளர், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, தலைமைச் செயலகம், சென்னை.